"இரு தரப்பு மோதல்": முதுகுளத்தூர் முதல் பரமக்குடி வரை செய்தியும் சமாதானமும்

"இரு தரப்பினரிடையே மோதல். பதற்றம். போலீஸ் குவிப்பு." அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர் பக்கத்து டீக்கடைகளில் பேப்பர் வாசித்து வளர்ந்த எவருக்கும் இந்த வார்த்தைகள் மனப்பாடம். யார் அந்த இரு தரப்பு? எந்தத் தெருவிலிருந்து கல் வந்தது, எந்தத் தெருவில் கூரை எரிந்தது? செய்தியில் இருக்காது. ஆனால் ஊர்ப் பெயரைப் பார்த்தவுடனேயே வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும், "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்" என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போவதற்கு அந்தச் செய்தி வசதி செய்து கொடுக்கும்.

சில ஆண்டுகளாக இதழியல் துறைகளிலும் தொண்டு நிறுவனப் பயிலரங்குகளிலும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: மோதல் உணர்திறன் கொண்ட இதழியல், பாலின உணர்திறன் கொண்ட இதழியல். பிளவுண்ட சமூகத்தில் செய்தி தீயை மூட்டவும் செய்யும், அணைக்கவும் செய்யும் என்பதும், தான் எழுதுவது எங்கே போய் விழும் என்று யோசித்துச் செய்தியாளர் எழுத வேண்டும் என்பதும் இவற்றின் சாரம். பெண்களை அழுகிற முகங்களாக மட்டும் காட்டாமல், நடந்ததை அறிந்தவர்களாகவும் முடிவெடுப்பவர்களாகவும் அணுக வேண்டும் என்பதும் அதில் சேரும். நல்ல விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட பயிலரங்குக்குப் போய்வந்த மாணவர்கள் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது: "அப்படின்னா சாதிப் பேரைப் போடக் கூடாதுங்கிறதுதானே?"

இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நம் கரிசல் மண்ணின் எழுபது ஆண்டு வரலாறே போதும். பயிற்சிக் கையேடுகளில் ருவாண்டா வருகிறது, போஸ்னியா வருகிறது. முதுகுளத்தூரை நாங்கள் அவற்றில் பார்த்ததில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1957-இல் குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுக்கொடுத்ததால் ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. அதில் பார்வர்டு பிளாக்கின் சசிவர்ணத் தேவர் வென்றார். காங்கிரசுக்கு வாக்களித்த பள்ளர் குடியிருப்புகள் மீது பகை திரும்பியது. ஊருக்கு ஊர் வெட்டும் தீவைப்பும் பரவின.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். மறவர், பள்ளர், நாடார் தரப்புப் பிரதிநிதிகள் வந்தார்கள். பள்ளர் தரப்பில் வந்தவர்களில் ஒருவர் இம்மானுவேல் சேகரன். இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர், டீக்கடை இரட்டைக் குவளைக்கு எதிராக 1954-இல் மாநாடு கூட்டியவர், 33 வயது நிறையாதவர். எல்லோரும் ஒரே அறிக்கையில் சேர்ந்து கையெழுத்திடுவது என்பது நடக்கவில்லை. தனித்தனியே அறிக்கைகளில் கையெழுத்திடுவது என்று முடிந்தது. ஒரே தாளில் பெயர் பக்கத்தில் பெயராக நிற்க முடியாத சமாதானம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள்தான் தாங்கியது. செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் மறவர் சமூகத்தினர் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு மாவட்டமே பற்றி எரிந்தது. மாத இறுதியில் தேவர் கைது செய்யப்பட்டார். கொலை வழக்கிலிருந்து 1959-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இந்தக் கலவரம் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். 'முதுகுளத்தூர் பயங்கரம்' போன்ற சமகால நூல் உண்டு. தேர்தல் அரசியலும் சாதியும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை ஆவணங்களோடு ஆராய்ந்த கா.அ. மணிக்குமாரின் ஆய்வு நூல் உண்டு. மாணவர்கள் இரண்டாவதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஆனால் மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் டீக்கடைகளிலும் இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பது இந்த ஆய்வல்ல. ஒரு காட்சிதான் ஓடுகிறது: சமாதானக் கூட்டத்தில் இம்மானுவேல் எப்படி உட்கார்ந்தார், யாருக்கு முன்னால் எழுந்திருக்கவில்லை, எப்படிப் பதில் பேசினார். ஒரு பக்கம் இதைத் திமிர் என்று சொல்கிறது. நம் பக்கம் இதை வீரம் என்று கொண்டாடுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு படுகொலையை இரண்டு ஆண்களின் மானப் பிரச்சினையாக ஆக்கிவிட்டன. நிலம், கூலி, கண்மாய்த் தண்ணீர், இரட்டைக் குவளை, வாக்குரிமை ஆகிய எல்லாம் அந்தக் காட்சிக்குப் பின்னால் மறைந்து போயின.

பாலின உணர்திறன் என்றால் கடைசியில் பெண்களைப் பற்றி இரண்டு பத்தி சேர்ப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆண்மையைப் பற்றிக் கேள்வி கேட்பதும் அதில் அடங்கும். 'வீரம்', 'மானம்', 'பதிலடி' என்ற சொற்களில் கலவரத்தை எழுதுகிறபோது, அடுத்த கலவரத்துக்கான அழைப்பும் அதே சொற்களில் எழுதப்பட்டுவிடுகிறது. நம் இயக்கத்துச் சுவரொட்டிகளும் இதற்கு விலக்கல்ல.

அந்தச் சமாதானக் கூட்டத்தில் பிரதிநிதிகளாகப் பெயர் பதிவானவர்கள் அனைவரும் ஆண்கள். எரிந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் யார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே ஓடியவர்கள் யார்? அந்த ஆண்டு வெள்ளாமையும் ஆடு மாடும் போன பிறகு குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்சியவர்கள் யார்? கிராமத்துக் கிழவிகளிடம் இன்றும் 'கலவரத்து வருசம்' என்றால் கதை கதையாக வரும். எந்த வீட்டில் ஒளிந்தோம், மறவர் வீட்டு எந்தப் பெண் தவிட்டுப் பானைக்குள் நம் நகையை வைத்துக் காத்துக் கொடுத்தாள், எந்தப் பெண் நம்மைக் காட்டிக் கொடுத்தாள் என்று இரண்டு வகைக் கதையும் வரும். அன்றைய செய்தித்தாள் பக்கங்களில் இந்தக் குரல்களுக்கு இடமில்லை. சமாதானத்துக்கு எது உதவும் என்று தேடுகிறவர்களுக்கு ஆட்சியரின் அறிக்கையைவிட அந்தத் தவிட்டுப் பானைக் கதை அதிகம் சொல்லும். அதைப் பதிவு செய்ய இன்னும் பத்தாண்டு கூட நமக்கு இல்லை.

நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் மோதல் செய்திகளைப் பற்றி ஓர் ஒப்பீடு சொல்வார். பெரும்பாலான செய்தியாளர்கள் மோதலை விளையாட்டுப் போட்டி போல எழுதுகிறார்கள்: யார் முந்தினார், எந்தப் பக்கம் எத்தனை விக்கெட். அதற்குப் பதிலாக மருத்துவச் செய்தி போல எழுதலாம்: நோய் எதனால் வந்தது, எப்படிப் பரவுகிறது, எது தடுக்கும், எது குணப்படுத்தும். வெட்டும் குத்தும் மட்டும் வன்முறை அல்ல, ஒரு பகுதி மக்களை வாழவிடாத அமைப்பே வன்முறைதான் என்பதை 1969-இல் வாதிட்டவரும் அவர்தான். நமக்கு இது புதிதில்லை, அம்பேத்கரைப் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். என்றாலும் அந்த ஒப்பீடு கையில் வைத்திருக்க உகந்தது. ஏனென்றால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் நடந்ததற்குப் பத்திரிகைகள் எழுதியதில் பெரும்பகுதி ஸ்கோர் போர்டு.

1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நம் பகுதி காமராசர் மாவட்டம் ஆயிற்று, சிவகங்கைப் பகுதி பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆயிற்று. போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர்கள் வைக்கப்பட்டன. சாதிக்கு ஒரு பெயர் என்று அந்த வரிசை வளர்ந்தது. அதில் நம் மக்களின் பெயர் ஒன்று கூட வரவில்லையே என்று கேட்டதும்தான் அது 'சாதிப் பிரச்சினை' ஆயிற்று. 1997-இல் திமுக அரசு விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிக்காரர், வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர்விட்டவர். விடுதலைப் போராட்ட வீரருக்கான தகுதி எதிலும் குறையில்லை. ஆனால் பள்ளர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன, தென்மாவட்டங்கள் மறுபடி எரிந்தன, காவல்துறையின் தேடுதல் வேட்டைகளும் நடந்தன. ஜூலையில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களையே எடுத்துவிடுவது.

அமைதி திரும்பியதா? ஒரு வகையில் திரும்பியது. பேருந்துகள் ஓடின. ஆனால் ஒரு தலித் வீரரின் பெயரை ஏற்க முடியாது என்றவர்கள் கேட்டது அப்படியே கிடைத்தது. மற்றவர்களின் பெயர்களும் போனதால் அது சமநீதி போலத் தெரிந்தது. 'இரு தரப்பு' என்ற மொழியின் தர்க்கம் இதுதான். அவமானப்படுத்தியவனையும் அவமானப்பட்டவனையும் ஒரே தராசில் வைத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லும். இந்த மொழியில் எழுதிப் பழகிய பத்திரிகைக்கு அந்த முடிவு தீர்வாகத்தான் தெரியும். மருத்துவச் செய்தியாக எழுதியிருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும்: ஒரு பெயர்ப் பலகையைத் தாங்க முடியாத நோய் எது?

அப்படி எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1995 ஆகஸ்ட் 31 அன்று, தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் புகுந்து வீடு வீடாக உடைத்தார்கள். வளைகுடா நாட்டில் உழைத்து வாங்கிய டி.வி., மின்விசிறி, தையல் எந்திரம் எல்லாம் நொறுக்கப்பட்டன. பிள்ளைகளின் சான்றிதழ்கள் வரை நாசமாயின. ஃபிரண்ட்லைன் இதழில் எஸ். விஸ்வநாதன் அந்தக் காலம் முதல் பத்தாண்டு எழுதிய செய்திக் கட்டுரைகள் பின்னர் நவயானா வெளியீடாகத் தொகுக்கப்பட்டன. ஓர் ஊரை ஒருமுறை பார்த்து எழுதிவிட்டுப் போகாமல் திரும்பத் திரும்பப் போனவர் அவர். எது உடைக்கப்பட்டது என்று பார்த்தாலே ஏன் உடைக்கப்பட்டது என்பது விளங்கும். யாரையும் அண்டிப் பிழைக்காத வாழ்க்கையின் அடையாளங்கள்தான் அங்கே குறிவைக்கப்பட்டன.

1999-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியத் தலித்துகள் மீதான வன்முறை பற்றி வெளியிட்ட பெரிய அறிக்கையில் தென் தமிழகத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. அதில் பெண்களின் வாக்குமூலங்கள் வரிசையாக வருகின்றன. கைதுக்குப் பயந்து ஆண்கள் ஊரைவிட்டு ஓடிய பிறகு, வீட்டில் மிஞ்சியவர்கள் பெண்கள். நள்ளிரவுச் சோதனையில் அடியும் வசையும் வாங்கியவர்கள் அவர்கள்தான். 'ஆண்கள் தலைமறைவு' என்று ஒரு வரியில் செய்தி முடிகிற இடத்தில்தான் பெண்களின் கலவரம் தொடங்குகிறது. அடுத்தநாள் தண்ணீருக்கு எந்தக் குழாய்க்குப் போவது? பேருந்து நிறுத்தம் ஊர்த் தெருவில் இருந்தால் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா? கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போகலாமா? வேலைக்குக் கூப்பிட்ட பிஞ்சைக்காரர் இனி கூப்பிடுவாரா? இவை 'பெண்கள் பக்கத்து'ச் செய்திகள் அல்ல. கலவரம் எத்தனை மாதம் நீடிக்கிறது என்பதை அளக்கிற கருவிகள் இவைதான். போலீஸ் வேன் போன மறுநாள் செய்தியாளரும் போய்விடுவதால் அளப்பதற்கு ஆள் இல்லை.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அதற்குச் சற்று முன்புதான் கமுதி வட்டாரத்தில் பள்ளி மாணவனான ஒரு தலித் சிறுவன் கொல்லப்பட்டிருந்தான். தேவரை இழிவுபடுத்திச் சுவரில் எழுதியதாக ஒரு பேச்சு அந்தக் கொலைக்குக் காரணமாகச் சுற்றவிடப்பட்டது. அஞ்சலிக்கு வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியன் வழியில் கைது செய்யப்பட்டதும் ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல் நடந்தது. காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. பரமக்குடியில் அன்றைய காவல்துறை நடவடிக்கையில் தலித்துகள் ஆறு பேர் உயிரிழந்தார்கள். தற்காப்புக்காகவும் பொதுச் சொத்தைக் காக்கவும் சுட்டதாக முதலமைச்சர் ஜெயலலிதா சட்டப்பேரவையில் சொன்னார். நீதிபதி சம்பத் ஆணையமும் பிறகு காவல்துறையின் பக்கமே நின்றது. இடையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டிருந்தது.

தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் இருந்தது காவல்துறையும் தலித் மக்களும் மட்டும். எதிரே இன்னொரு சாதிக் கூட்டம் நிற்கவில்லை. அப்படியிருந்தும் 'சாதிக் கலவரம்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 'பரமக்குடி கலவரம்' என்றுதான் இன்றும் பலர் எழுதுகிறார்கள். அரசு சுட்டதை 'கலவரம்' என்று எழுதினால், சுட்டவர் காணாமல் போய்விடுகிறார். மோதல் உணர்திறன் என்றால் மெல்லிய சொல்லைத் தேடுவது என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்: மெல்லிய சொல் வேண்டாம், சரியான சொல் போதும். துப்பாக்கிச் சூடு என்றால் துப்பாக்கிச் சூடு. வன்கொடுமை என்றால் வன்கொடுமை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினரா பழங்குடியினரா, குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி அல்லாதவரா என்பது குற்றத்தின் கூறு. சாதியைச் சொல்லாமல் வன்கொடுமைச் செய்தி எழுதுவது, ஆயுதத்தைச் சொல்லாமல் கொலைச் செய்தி எழுதுவது போல.

செப்டம்பர் 11-க்கும் அக்டோபர் 30-க்கும் இடையில் ஆண்டுதோறும் நம் பகுதிச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆயிரம் போலீஸ், எத்தனை ட்ரோன், எந்தெந்தப் பாதையில் வாகனத் தடை, 144 எத்தனை நாள். வானிலை அறிக்கை போல வந்துகொண்டே இருக்கும். அந்த ஏழு வாரங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது, கையில் கட்டிய கயிற்று நிறத்தில் யார் யாரை அளக்கிறார்கள் என்று ஒரு செய்தி தேடிக் கண்டுபிடிப்பது சிரமம்.

பெண் விஷயத்துக்கு வருவோம். சாதி தன்னைக் காத்துக்கொள்வது பெண்ணின் உடலைக் காவல் காப்பதன் மூலம்தான் என்பதால், சாதி மோதலின் மொழியும் பெண்ணைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. வன்னியப் பெண் ஒருவர் தலித் இளைஞரை மணந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதைத் தொடர்ந்து ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் என்று மருத்துவர் ராமதாஸ் பேசியதும், 'நாடகக் காதல்' என்ற சொல் பரவியதும் நமக்கு நினைவிருக்கிறது. அந்தச் சொல் ஒரே வீச்சில் இரண்டு காரியம் செய்தது. தலித் இளைஞனை மோசடிக்காரன் ஆக்கியது. படித்த, வயதுவந்த ஒரு பெண்ணைச் சொந்தப் புத்தி இல்லாதவள் ஆக்கியது. மேற்கோள் குறி போட்டுத்தானே அச்சிட்டோம் என்று சொன்னால் அது சமாதானம் ஆகாது. தினமும் அச்சாகிற மேற்கோள் குறி நாளடைவில் உதிர்ந்துவிடும். அந்த இளம்பெண் நீதிமன்றத்துக்கு வந்த ஒவ்வொரு முறையும் கேமராக்கள் அவர் முகத்தை மொய்த்தன. தாயோடு இருப்பேன் என்று 2013 ஜூலை 3 அன்று அவர் சொன்னது தொலைக்காட்சிகளில் ஓடியது. மறுநாள் அந்த இளைஞர் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். எந்த அழுத்தத்தில் ஒருவர் பேசுகிறார் என்று கேட்காமல் வாயருகே மைக்கை நீட்டுவதைச் செய்தி சேகரிப்பு என்று நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

2015-இல் ஓமலூரைச் சேர்ந்த தலித் பட்டதாரி இளைஞர் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்டு வந்த சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார், வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளைச் சுற்றவிட்டார். 2022-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த இடைக்காலத்தில் ஒரு பகுதி இளைஞர்களுக்கு அவர் நாயகனாகியிருந்தார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே நடந்த வெட்டின் கண்காணிப்புக் கேமராக் காட்சி நாள் முழுக்கத் திரையில் சுழன்றது. அந்தக் காட்சி உலகத்துக்கு உண்மையைக் காட்டியது, மறுக்கவில்லை. நூறாவது முறை ஓடும்போது அது யாருக்கு என்ன சொன்னது?

இந்த இருட்டுக்குள் ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. அதுவரை 'கவுரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்த தமிழ் ஊடகங்களில் பல 'ஆணவக் கொலை' என்று எழுதத் தொடங்கின. பெண்கள் அமைப்புகளும் சாதி எதிர்ப்பு இயக்கங்களும் எழுத்தாளர்களும் வாதாடி வாங்கிய மாற்றம் அது. கொலையில் கவுரவம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை அந்தச் சொல்லே கேட்டுவிடுகிறது. ஒரு சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்பவர்களிடம் இதைக் காட்டலாம். மோதல் உணர்திறனும் பாலின உணர்திறனும் ஒன்றாகச் சேர்ந்து, எதையும் மறைக்காமல் தமிழில் செய்த வேலை இது.

இதற்கு நேர் எதிரானதைப் பார்க்க ருவாண்டா போகலாம். 1994 இனப்படுகொலையில் வானொலியின் பங்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு நான்காண்டு முன்பே, 1990 டிசம்பரில், 'கங்குரா' என்ற பத்திரிகை ஹூட்டு மக்களுக்குப் பத்துக் கட்டளைகள் வெளியிட்டது. முதல் கட்டளையே டூட்சிப் பெண்களைப் பற்றியது. அவர்களை மணப்பவன், நட்புக் கொள்பவன் துரோகி என்றது. வெறுப்பு முதலில் கல்யாண வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். அந்தப் பத்திரிகை ஆசிரியரையும் வானொலியை நடத்தியவர்களையும் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003-இல் குற்றவாளிகள் என்றது.

யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு எப்படி எழுத வேண்டும் என்று பாடம் நடத்துவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. 1996-இல் டெல்லிப் பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர், தலித் பத்திரிகையாளர் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். முப்பதாண்டு அனுபவம் கொண்ட உனியால் தேடித் தேடிப் பார்த்தும் ஒருவரும் கிடைக்கவில்லை. அதையே கட்டுரையாக எழுதினார். 2019-இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் செய்த ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஒருவர் கூட இல்லை. நம் பக்கத்தில் எழுத ஆள் இல்லாமலா? 1869 'சூரியோதயம்' தொடங்கித் தலித்துகள் நடத்திய இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' நடத்தினார், அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார், நம் காலத்தில் 'தலித் முரசு' வந்தது. ஆள் இருந்தார்கள். பெரிய அலுவலகங்களின் கதவுதான் திறக்கவில்லை.

கதவு திறக்கும் வரை காத்திருக்காதவர்களில் நாங்கள் அடிக்கடி சொல்வது 'கபர் லஹரியா'வை. உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட், நம் பூமி போலவே மழை பொய்க்கிற வறட்டு நிலம். அங்கே சித்ரகூடில் 2002-இல் தலித் பெண்களை முன்னிறுத்தி இந்தச் செய்தித்தாள் தொடங்கியது. முஸ்லிம் பெண்களும் பழங்குடிப் பெண்களும் இணைந்தார்கள். டெல்லி இந்தியில் எழுதாமல் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார்கள், தாங்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது வந்தது. பிறகு செல்பேசியோடு காணொலிக்கு மாறினார்கள். அவர்கள் எழுதுவது பெரும்பாலும் அடிபம்பு, சாலை, ரேஷன், மருத்துவமனை, பாலியல் வன்முறை வழக்கில் போலீஸ் ஏன் புகாரை வாங்கவில்லை என்பது போன்றவை. கலவரம் வெடிக்கும் முன்பே கலவரத்தின் வேர்களைச் செய்தியாக்குவது இதுதான். அடுத்த வாரமும் அதே கிராமத்துக்குப் போகிறார்கள், ஏனென்றால் அது அவர்கள் கிராமம். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனபோது, படம் தங்கள் வேலையின் ஒரு துண்டைத்தான் காட்டுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். தங்களைப் பற்றிய செய்தியிலும் செய்தியாளர்களாகவே இருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிடித்த விஷயம்.

இப்போது ஒரு சிக்கல். சாதியைச் சொல் என்கிறோம். ஆனால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228-ஏ, இன்று பாரதிய நியாய சன்ஹிதா 72. நூறு வீடு உள்ள ஊரில் ஊர்ப் பெயரையும் சாதியையும் சேர்த்துச் சொன்னால், பெயரைச் சொன்ன மாதிரிதான். 2022 மார்ச்சில் விருதுநகரில் ஒரு தலித் இளம்பெண்ணைக் காணொலி காட்டி மிரட்டிக் கூட்டாக வன்முறைக்கு உள்ளாக்கிய வழக்கு வந்தபோது, மாணவிகளோடு உட்கார்ந்து இதைத்தான் நீண்டநேரம் பேசினோம். சாதி, மாவட்டம், போடப்பட்ட சட்டப் பிரிவுகள், குற்றவாளிகளின் பின்புலம் ஆகியவற்றை எழுதலாம். தெரு, வேலை பார்த்த இடம், அப்பா அம்மாவின் தொழில் ஆகியவற்றை விட்டுவிடலாம். கிராமமா சாதியா என்று ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் கிராமத்தை விடுங்கள் என்று முடிவுக்கு வந்தோம். எல்லா வழக்குக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டோம்.

செய்தி எழுத வருகிற தோழர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் கோட்டாட்சியர் அலுவலகத்தில், அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடக்கும். இருபது முப்பது ஆண்கள் போவார்கள். 'சுமுகத் தீர்வு' என்று செய்தி வரும். அந்தத் தீர்வின் பெயர் பல நேரம் 'கேசை வாபஸ் வாங்கு' என்பதுதான். 1957 முதுகுளத்தூரின் நிழல் அந்த மேசையில் இன்னும் விழுகிறது. மேசையில் பெண்கள் இருந்தார்களா என்று கேளுங்கள். சட்டம் என்ன சொல்கிறதோ அதைப் பின்தொடருங்கள்: சம்பவ இடத்துக்கு ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனார்களா, ஏழு நாளுக்குள் உடனடி நிவாரணம் வந்ததா, அறுபது நாளில் குற்றப்பத்திரிகை போடப்பட்டதா, மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறதா. நான்குக்கும் தேதி உண்டு. தேதி உள்ளது எல்லாம் செய்தி.

இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று செய்திகள் வருகின்றன. ஏக்கர் எத்தனை, கோடி எத்தனை என்று கணக்கு வருகிறது. தையல் எந்திரத்தின் முன் உட்காரப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருப்பார்கள். கருவேலங்காட்டையும் நூறு நாள் வேலையையும் விட்டு, ஊர்த் தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் விடியற்காலையில் ஒரே கம்பெனி வேனில் ஏறுவார்கள். வேன் எந்தத் தெருமுனையில் நிற்கும், விடுதி அறைகளை யார் எப்படிப் பிரிப்பார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் டம்ளர் எத்தனை வகை, ஒரு பெண் வேறு சாதிப் பையனோடு பேசினால் ஊருக்குத் தகவல் போகும் வழி எது, புகார் விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யார் இருப்பார்கள். பூங்காவைப் பற்றி எழுத நினைக்கிற மாணவர்கள் இந்தக் கேள்விகளோடு வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் அழைத்துப் போகிறோம். காலையில் வேலைத்தளத்துக்குப் போவதற்கு முன், ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள்.